மச்சாளுக்குக் கிடைத்த ஊர்

என் மச்சாள் சூரிச் நகரின் ஓர்லிகோனில் பிறந்தாள். நான் வில் நகரில் பிறந்தேன். இரண்டு ஊருக்கும் இடையில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த ரயில் பயணம்தான். ஆனாலும் எங்கள் இருவரின் வாழ்க்கைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முழுவதும் அந்தத் தூரத்திலிருந்து வந்தது என்று நீண்ட காலம் நம்பியிருந்தேன். இப்போதும் அந்த நம்பிக்கை முற்றாகப் போய்விடவில்லை.

அவள் என் அம்மாவின் அண்ணனுடைய மகள். மாமாவும் என் அப்பாவும் ஒன்றாகத்தான் இந்த நாட்டுக்கு வந்தார்கள். டாவோஸில் ஒரே ஹோட்டலின் சமையலறையில், பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் கோப்பை கழுவினார்கள். பனிக்காலம் முடிந்து ஹோட்டல் ஆட்களைக் குறைத்தபோது, தெரிந்தவர்கள் மூலம் இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று வில் நகரில், உலோகக் கதவு செய்யும் தொழிற்சாலையில். இருக்க வீடும் அவர்களே தருவார்கள். மற்றது ஓர்லிகோனில், அலுவலகங்களைத் துப்புரவாக்குவது. வீட்டைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு அம்மாவைப் பேசி முடித்திருந்த நேரம் அது. தங்கைக்கு வரப்போகும் மாப்பிள்ளை என்று மாமா நல்ல வேலையை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தார். நல்ல வேலை என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னது தொழிற்சாலையைத்தான்.

சில வருடங்களுக்கு அது உண்மையாகவே நல்ல வேலையாக இருந்தது. அப்பாவுக்கு நிரந்தர வேலை, நேரத்துக்குச் சாப்பாடு, தொழிற்சாலைக்குப் பின்னால் புல்வெளியோடு ஒரு வீடு. மாமா வாளியும் துடைப்பமுமாக, கண்ணாடிக் கட்டடங்களில் மாடி மாடியாக ஏறி இறங்கினார். அந்தக் கண்ணாடிக் கட்டடங்கள் பெருகிக்கொண்டே போகும் என்றும், கதவுத் தொழிற்சாலை சுருங்கிக்கொண்டே போகும் என்றும் அப்போது யாருக்குத் தெரியும்?

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே மச்சாள் மேல் எனக்குப் பொறாமைதான். விடுமுறைக்கு ஓர்லிகோன் போவோம். மாமாவின் வீடு சின்னது, ஆனால் படியிறங்கினால் ட்ராம் வரும். தெருமுனையில் தமிழ்க் கடை. வெள்ளிக்கிழமையானால் வாழையிலையும் முருங்கைக்காயும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். மச்சாள் சின்ன வயதிலேயே தனியாக ட்ராமில் ஏறி நீச்சலுக்குப் போவாள். முன்னால் இருந்த சாரதிக்குத் தலையசைத்துவிட்டு அவள் ஏறுகிற விதத்தைப் பார்த்து, வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று அதேபோலத் தலையசைத்துப் பார்த்திருக்கிறேன்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் மத்தியானத்துக்குள் அலுத்துவிடுவாள். புல்வெளியில் இரண்டு சுற்று ஓடுவாள். பிறகு படிக்கட்டில் வந்து உட்காருவாள்.

"இஞ்சை நீங்கள் என்னண்டு இருக்கிறனீங்கள்?" என்று கேட்பாள்.

நக்கலாகக் கேட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். இங்கே எப்படித்தான் இருக்கிறோம் என்று அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எங்கள் பேச்சும் வேறாக இருந்தது. நான் பேசும் ஜேர்மன் இந்த நாட்டின் கிழக்குப் பக்கத்து ஜேர்மன். வாயைத் தட்டையாக விரித்து உச்சரிப்போம். சூரிச்காரருக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும். மச்சாளின் சிநேகிதிகள் என்னை ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். தமிழில் நாங்கள் இருவரும் ஒன்றுதான். ஜேர்மனில் அவள் நகரத்துக்காரி, நான் நாட்டுப்புறத்தாள்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் இருவரும் ஒரே காப்புறுதி நிறுவனத்தில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தோம். அவள் ஓர்லிகோனில் தலைமை அலுவலகத்தில், நான் வில் கிளையில். பாடப் புத்தகங்கள் ஒன்று. சோதனை ஒன்று. சோதனையில் எனக்குத்தான் கூடுதல் புள்ளி வந்தது. அதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

பயிற்சி முடிந்து இருவருக்கும் கிடைத்த வேலையும் ஒன்றுதான். கார் அடிபட்டது, கூரையில் ஆலங்கட்டி விழுந்தது, குளியலறைக் குழாய் வெடித்தது என்று தொலைபேசியில் அழைப்பவர்களிடம் விபரம் கேட்டுப் பதிந்து, நட்டஈடு தீர்மானிப்பது. நான் வில்லிலிருந்து செய்தேன், அவள் ஓர்லிகோனிலிருந்து செய்தாள். ஒரே கணினித் திரையில் ஒரே பெட்டிகளை நிரப்பினோம். சம்பளம் மட்டும் வேறு. சூரிச்சில் வாழ்க்கைச் செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தை நானும் ஏற்றுக்கொண்டேன், ஒரு நத்தார் விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போய், மச்சாள் புதிதாக வாங்கிய மேல்சட்டையைத் தொட்டுப் பார்க்கும் வரைக்கும்.

சம்பளத்தைவிட என்னை அதிகம் அரித்தது வேறொன்று. அவள் இருந்த கட்டடத்தில் மேலே ஏற இடம் இருந்தது. ஒரு பிரிவில் சலித்தால் இன்னொரு பிரிவு. பயிற்சிப் பிரிவு, தரவுப் பிரிவு, திட்டப் பிரிவு என்று மின்தூக்கியில் ஒவ்வொரு மாடியாக ஏறிக்கொண்டே போனாள். கன்ரீனில் யாரோடாவது கோப்பி குடித்தால், அடுத்த மாதம் ஒரு புது வேலையைப் பற்றிக் காதில் விழும். எங்கள் கிளையில் எனக்கு மேலே ஒரே ஒரு பதவிதான் இருந்தது. அதிலிருந்தவருக்கும் என் வயதுதான், நல்ல மனிதர், வேறெங்கும் போகும் எண்ணமே இல்லாதவர். அவருடைய ஆரோக்கியத்தைப் பற்றி நான் சில வேளை நினைத்துக்கொண்டதை இங்கே சொல்லப்போவதில்லை.

அந்த மேலாளர்தான் ஒருநாள் என்னை நகர மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார். ஊரின் பொருளாதார எதிர்காலம் பற்றியது. கடைக்காரர்கள், சிறு நிறுவனக்காரர்கள், நகரசபை ஆட்கள் வந்திருந்தார்கள். ஆலோசகர் ஒருவர் திரையில் நாட்டின் வரைபடத்தைக் காட்டினார். எந்தப் பகுதி போட்டியில் முன்னே நிற்கிறதோ, அதற்குக் கடும் நீலம். சூரிச்சும் அதைச் சுற்றிய இடங்களும் மையைக் கொட்டிவிட்டது போல இருந்தன. அங்கிருந்து கிழக்கே வர வர நீலம் வெளிறியது. எங்கள் ஊர், பலமுறை துவைத்த ஜீன்ஸ் நிறத்தில் இருந்தது.

தொழிற்சாலை வேலைகள் குறைகின்றன, சேவை வேலைகள் கூடுகின்றன, ஆனால் அவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கூடுவதில்லை என்று அவர் விளக்கினார். தொழிற்சாலைக்கு நிலம் வேண்டும், ஆறு வேண்டும், அதனால் அது சின்ன ஊருக்கும் வந்தது. வங்கியும் காப்புறுதியும் கணினி நிறுவனமும் அப்படியில்லை. அவற்றுக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்க வேண்டும். ஒரு நிறுவனம் போன இடத்துக்கே மற்றதும் போகும்.

பேக்கரி வைத்திருந்த ஒரு பெண் எழுந்து, "அப்படியென்றால் நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டார்.

"உங்களுக்குச் சூரிச் பக்கத்தில் இருக்கிறது. அதுதான் உங்கள் பலம்" என்றார் ஆலோசகர். "நல்ல வீடுகள், நல்ல பள்ளிக்கூடங்கள், வேகமான ரயில். இவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்."

வேலை அங்கே, படுக்கை இங்கே என்பதைத்தான் அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். நான் வரைபடத்தில் அந்தக் கடும் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எங்கோ என் மச்சாள் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு அடுத்த இலையுதிர்காலத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் கிளைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இயக்குநர். அவருக்குப் பக்கத்தில், மடிக்கணினியை அணைத்துப் பிடித்தபடி, மச்சாள். அவள் அப்போது திட்டப் பிரிவில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எந்தத் திட்டம் என்பது தெரியாது.

இயக்குநர் நன்றி சொல்லித் தொடங்கினார். பிறகு மச்சாள் பேசினாள். வாடிக்கையாளர் சேவை முழுவதும் ஒரே கூரையின் கீழ், ஓர்லிகோனில் ஒன்றுசேர்க்கப்படும். வில்லில் முன்பகலில் மட்டும் ஒருவரோடு ஒரு கவுண்டர் இருக்கும். மற்றவர்கள் ஓர்லிகோனுக்கு விண்ணப்பிக்கலாம். விரும்பாதவர்களுக்கு, ஒரு தொகையோடு விலகும் ஏற்பாடு ஒன்று உண்டு. அவள் நன்றாகத்தான் பேசினாள். குரல் நடுங்கவில்லை. எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள், என்னைத் தவிர.

பக்கத்து மேசைப் பெண், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், என் பக்கம் சாய்ந்து, "அது உன் சொந்தக்காரி இல்லையா?" என்று மெல்லக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு அது விளங்கியிருக்கும்.

கூட்டம் முடிந்ததும் மச்சாள் என்னைத் தேடிக்கொண்டு கோப்பி போடும் சிறிய அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"கோவமோ?"

"உனக்கு எப்ப தெரியும்?"

"கொஞ்ச நாளாத் தெரியும்."

"போன ஞாயிறு என்ர மகளின்ர பிறந்தநாளுக்கு வந்து கேக் திண்டிட்டுப் போனனி. அப்பவும் தெரியுமோ?"

"ஓம்." அவள் மேசையைப் பார்த்தாள். "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு கையெழுத்து வாங்கினவை. சொல்லியிருந்தா என்ர வேலை போயிருக்கும்."

"இப்ப என்ர வேலை போச்சு."

"போகேல்லை. இடம்தானே மாறுது. நீ அங்கை வா. உன்னைக் கட்டாயம் எடுப்பினம். நான் கதைக்கிறன்."

"நீ ஒண்டும் கதைக்க வேண்டாம்."

அவள் போனபிறகும் அந்த அறையிலேயே நின்றேன். கிளை மூடுவதைவிட, 'நான் கதைக்கிறன்' என்று அவள் சொன்னதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. என்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவள் எனக்காகக் கதைக்கப்போகிறாள். அப்படிக் கதைத்தால் கேட்கக்கூடிய இடத்தில் அவள் இருக்கிறாள்.

வீட்டில் என் கணவர் அமைதியாகக் கேட்டார். அவர் உணவுப் பொதி செய்யும் இடத்தில் மாறி மாறி வரும் நேரங்களில் வேலை செய்கிறவர். எந்தச் செய்தியையும் முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் யோசிப்பார்.

"அங்கை சம்பளம் கூடத்தானே. ஒருக்காப் போய்ப் பாருமன்" என்றார்.

"அவளுக்குக் கீழையோ?"

"அவ வேற பிரிவு. நீர் உம்மட வேலையைப் பாரும்."

விண்ணப்பித்தேன். எடுத்தார்கள். மச்சாள் கதைத்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முதல் மாதம் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. சிறு வயதிலிருந்து எட்டி நின்று பார்த்த ஊர் இப்போது என் வேலைத்தலம். வின்ரர்தூரில் ரயில் மாறி ஓர்லிகோனில் இறங்கியதும், கூட்டத்தோடு கூட்டமாக வேகமாக நடப்பேன். எங்கும் அவசரமாகப் போகத் தேவையில்லாத நாளிலும் வேகமாக நடப்பேன். திரும்பி வரும்போது மாலையில் கறிவேப்பிலை வாங்குவேன். புதிய சம்பளம் வந்த அன்று கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் "பாத்தீரோ" என்றார்.

மயக்கம் தெளிய அதிக நாள் எடுக்கவில்லை. ஒரு கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் குழுத்தலைவி சிரித்தாள். "நீ பேசும்போது எனக்கு மலையில் விடுமுறைக்குப் போனது போல இருக்கிறது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தக் கட்டடத்தில் நான் வில்லிலிருந்து வந்தவள். வேலைக்குப் பிறகு அவர்கள் எங்காவது குடிக்கப் போகும்போது எனக்கு ரயில். அடுத்த நாள் காலையில் ஏதோ ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கும். எப்போது எடுத்தார்கள் என்று கேட்டால், "நேற்று, சும்மா பேசிக்கொண்டிருந்தபோது" என்பார்கள். ஊருக்குள் வந்துவிட்டேன், ஆனால் ஊர் என்பது மாலையில்தான் நடக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

கன்ரீனில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். கோயம்புத்தூரிலிருந்து வேலை அனுமதியில் வந்தவள். நான்காம் மாடியில் மென்பொருள் பிரிவு. அங்கே மச்சாளைவிடவும் பெரிய பதவியில் நேராக வந்து உட்கார்ந்தவள். மச்சாளுக்கு அவளைக் கண்டாலே முகம் இறுகும். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்தது.

"நீங்க எங்கேருந்து வர்றீங்க?" என்று முதல் நாள் கேட்டாள்.

"வில்லிலயிருந்து."

"வில்லா? யாரோ வித்துடுன்னு சொல்ற மாதிரி இருக்கு." சிரித்தாள். பிறகு நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். கிளை மூடியது, சம்பள வித்தியாசம், மச்சாள். சாலட்டைக் கிளறிக்கொண்டே, "எங்க ஊர்லயும் இதேதாங்க" என்றாள். "கோயம்புத்தூர்ல படிச்சிட்டு சென்னைக்குப் போகலன்னா எதுக்குமே லாயக்கில்லன்னு நினைப்பாங்க. சென்னைக்குப் போனா, பெங்களூர்க்காரன் பெரிய ஆளு. நான் இங்க வந்தா, எங்க வீட்ல என்ன சொல்றாங்க தெரியுமா? அமெரிக்கா கிடைக்கலையான்னு கேக்கறாங்க."

நானும் சிரித்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆனா நீங்க குடுத்து வெச்சவங்க. உங்களுக்கு வேலை போனா ஊரு மாறும், அவ்வளவுதான். எனக்கு வேலை போனா நாடே போயிடும்."

அன்று மாலை ரயிலில் அதை யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படலாம் என்பது புதிதாக இருந்தது. கொஞ்சம் இனிமையாகவும் இருந்தது. அந்த இனிமை சில நாள்தான்.

ஏனென்றால் அந்த வாரமே மச்சாள் என் மேசைக்கு வந்து, "ஒரு விசயம் சொல்லோணும்" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "நாங்கள் வில்லில வீடு வாங்கிறம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "ஆருக்கு?"

"எங்களுக்குத்தான். இஞ்சை வாங்கேலாது, அவ்வளவு விலை. எனக்குக் கிழமையில மூண்டு நாள் வீட்டிலயிருந்து வேலை செய்யலாம். என்ர மனுசனுக்கும் அப்பிடித்தான். உங்களுக்குக் கிட்ட இருப்பம், என்ன?"

எந்த வீடு என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. அப்பா வேலை செய்த கதவுத் தொழிற்சாலை கிழக்கு ஐரோப்பாவுக்குப் போனபிறகு, அந்த நிலத்தில் தொடர்மாடி கட்டினார்கள். ரயில்பாதையைப் பார்த்த பெரிய ஜன்னல்கள். கட்டும்போதே நாங்கள் போய்ப் பார்த்தோம். என் மகள் தனக்கென்று ஓர் அறையைத் தெரிந்தெடுத்து, கட்டில் எங்கே, மேசை எங்கே என்று காலால் அளந்தாள். வங்கிக்குப் போனோம். நான் அப்போது வில் கிளையில் இருந்தேன். எங்கள் இருவரின் சம்பளத்தையும் பார்த்துவிட்டு, வங்கிக்காரர் மிகவும் வருத்தத்தோடு முடியாது என்றார்.

வில் சம்பளத்துக்கு வில்லில் வீடு வாங்க முடியாது. சூரிச் சம்பளத்துக்கு முடியும். ஆலோசகர் அந்தக் கூட்டத்தில் சொன்ன நல்ல வீடு யாருக்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நல்லது" என்று மச்சாளிடம் சொன்னேன். "சந்தோசம்."

பிறகு கழிவறைக்குப் போய், கதவைப் பூட்டிக்கொண்டு, முகத்தில் அடிபட்டவள் போல உட்கார்ந்திருந்தேன். அவள் என் வேலையை எடுத்து ஓர்லிகோனில் வைத்தாள். நான் அதன் பின்னால் ஓர்லிகோனுக்கு வந்தேன். வந்து பார்த்தால், அவள் என் ஊருக்குப் போய்விட்டாள். அவள் எதையும் என்னிடமிருந்து எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் எதுவும் குறையவில்லை.

வீடு குடிபுகுந்த நாளில் எங்கள் சொந்தம் முழுவதும் வந்திருந்தது. புதிய மின்னடுப்பில் பால் பொங்குவதற்காக எல்லோரும் காத்து நின்றோம். அது பொங்கும் நேரம் பார்த்துத் தானாக நின்றுவிடும் புத்திசாலி அடுப்பு. மாமா பொறுமையிழந்து பொத்தான்களை அமுக்க, கடைசியில் பொங்கி வழிந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ர அண்ணன்ர பிள்ளை கிட்ட வந்திட்டாள்" என்று எல்லோரிடமும் சொன்னார். என் மகள் தான் அளந்த அறையைப் போலவே இருந்த ஓர் அறைக்குள் போய் நின்று சுற்றிப் பார்த்தாள்.

மச்சாள் என்னைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கீழே, எங்கள் பழைய புல்வெளியில், பிள்ளைகள் விளையாடும் இடம்.

"உனக்குத் தெரியுமோ" என்றாள், "சின்னனில எனக்கு உன்னைக் கண்டா சரியான எரிச்சல்."

"என்னைக் கண்டோ?"

"ஓம். உங்கட அப்பா பின்னேரம் வீட்டை வந்திடுவார். இதிலதான், இந்தப் புல்லிலதான், உனக்குச் சைக்கிள் பழக்கினவர். நான் படியில இருந்து பாத்தனான். எங்கட அப்பா நாங்கள் பள்ளிக்கூடத்தால வரேக்கைதான் வெளிக்கிடுவார். ஒபிஸ் எல்லாம் ஆக்கள் போனாப் பிறகுதானே கூட்டலாம். கிழமை நாளில நான் அவரைக் காணுறதே இல்லை."

"நீ இஞ்சை என்னண்டு இருக்கிறியளெண்டு கேப்பாய்."

"எனக்கு அழுகை வரும். அதை மறைக்கத்தான் கேக்கிறது."

இந்த இடத்தில் நான் அவளைக் கட்டிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் நான் சுமந்து திரிந்த ஒன்றே ஒன்று இந்தப் பொறாமை. அதிலும் அவள் எனக்கு முந்தியே இருந்திருக்கிறாள். அவளுடைய காரணம் என்னுடையதைவிடப் பெரிதாகவும் இருந்தது. மேல்சட்டைக்கும் ட்ராமுக்கும் எதிரே அவள் தன் அப்பாவை வைத்துவிட்டாள்.

"உள்ளுக்கை போவம், குளிருது" என்றேன்.

அதற்குப் பிறகு தொடங்கியது மத்தியானச் சாப்பாட்டுப் பிரச்சினை. இங்கே பள்ளிக்கூடம் மத்தியானத்தில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடும், பிறகு திரும்ப எடுக்கும். கிளையில் இருந்த காலத்தில் நான் நடந்து வந்து, மகளோடு சாப்பிட்டுவிட்டுப் போவேன். ஓர்லிகோனிலிருந்து அது நடக்காது. பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடு தரும் உணவு மேசை அவளுக்குப் பிடிக்கவில்லை, அங்கே சத்தம் என்றாள். மச்சாள்தான், "நான் வீட்டிலதானே இருக்கிறன், என்னட்டை வரட்டும்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இருக்கவில்லை.

மகள் போகத் தொடங்கினாள். மச்சாள் அவளுக்கு மாமி. வீட்டுக்கு வந்தால் மாமி புராணம். மாமி பாஸ்டாவுக்கு மேலே முட்டை பொரித்துப் போடுவா. மாமி கூட்டத்தில் இருக்கும்போது மைக்கை நிறுத்திவிட்டு வாயால் மட்டும் கதை சொல்லுவா. மாமியின் கணினியில் எந்தப் பச்சை வெளிச்சம் வந்தால் அமைதியாக இருக்க வேண்டும் என்பது வரை என் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு என் பிள்ளை அன்று மத்தியானம் என்ன சொன்னாள் என்பது மச்சாள் அனுப்பும் செய்தியில் தெரியவரும். "இண்டைக்குக் கணக்கில நல்லாச் செய்தவளாம்" என்று வரும். நான் ரயிலில் நின்றுகொண்டு ஒரு பெருவிரல் படத்தை அனுப்புவேன்.

காலையில் ரயில் அந்தத் தொடர்மாடியைக் கடந்துதான் போகும். மச்சாள் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் அவள் ஜன்னலில் விளக்கு எரியும். கதிரையில் காலை மடித்து வைத்து, கோப்பிக் கோப்பையோடு அவள் இருப்பது தெரியும். நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். ஒவ்வொரு நாளும் பார்த்தேன்.

வசந்தம் வந்தபோது, அவள் பிரிவில் ஓர் இடம் வந்தது. ஒன்றுசேர்த்த சேவைகளைச் சீராக்கும் வேலை, பாதிக்கு மேல் வீட்டிலிருந்தே செய்யலாம். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் இருந்து அதைச் சொன்னாள்.

"உனக்குச் சரியான வேலை. கிளையில என்ன நடக்கிறதெண்டு உனக்குத்தான் தெரியும். எங்களில ஒருத்தருக்கும் தெரியாது."

"பிரிவுக்கு ஆர் தலைவி?"

"நான்தான். போன கிழமைதான் தந்தவை."

என் கணவர் சோற்றுக் கோப்பையோடு மற்ற அறைக்குப் போனார்.

"நான் யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

யோசித்தேன். அவளுக்குக் கீழே வேலை செய்வதா என்று ஒரு பக்கம். வாரத்தில் மூன்று மத்தியானம் மகளோடு சாப்பிடலாம் என்று இன்னொரு பக்கம். பல நாட்கள் இரண்டும் சரிசமமாக இழுத்தன. ஒருநாள் மகள் தன் கணக்குச் சோதனையின் பெறுபேற்றை முதலில் மாமிக்குக் காட்டிவிட்டு வந்து எனக்குக் காட்டினாள். அன்று விண்ணப்பித்தேன். தாயன்பு என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெறுபேற்றை நான் முதலில் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

வேலை கிடைத்தது. இப்போது என் மச்சாள்தான் என் மேலாளர். திங்களும் வியாழனும் ஓர்லிகோனுக்கு ஒன்றாக ரயிலில் போகிறோம். மற்ற நாட்களில் அவள் தன் வீட்டிலும் நான் எங்கள் படுக்கையறை மூலையிலும் இருந்து வேலை செய்கிறோம். மகள் மத்தியானம் என்னிடம் வருகிறாள். சில நாள் மாமி வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்கிறாள். போ என்கிறேன், போகும்வரை முகத்தைச் சரியாக வைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் எனக்கு வருடாந்த மதிப்பீடு. நடந்து போனால் ஒரு பாட்டுக் கேட்டு முடியுமுன் அவள் வீடு வந்துவிடும், ஆனாலும் விதிப்படி வீடியோவில்தான் நடந்தது. அவள் அலுவலக ஜேர்மனில் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் அலுவலக ஜேர்மனில் பதில் சொன்னேன். நல்ல மதிப்பீடுதான் தந்தாள். கடைசியில், அடுத்த சில வருடங்களில் என் இலக்கு என்ன என்று கேட்டாள்.

"உன்ர வேலை" என்றேன், தமிழில்.

அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு என் முகத்தைத் திரையில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அதுக்குரிய பயிற்சிக்கு உன்ர பேரைக் குடுக்கிறன்" என்றாள். "செப்டம்பரில தொடங்குது. சூரிச்சில."